இன்றைய திகதியில் பழைய ஆழம்

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொன்னேன். அதனால் ஒரு மனிதர் வேலையை இழந்தார், பெயரையும் இழந்தார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளைஞர்கள் தங்கள் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்குக் கட்டளை தட்டிக் கோப்பு அனுப்பும் வேலை அங்கே முடிவுக்கு வந்துவிட்டதாம். படகு கரையை நெருங்கினால் எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிடுமாம். "அந்தக் காலத்துப் பகிடியளை எழுதுங்கோ மாஸ்டர்" என்றார்கள். சிரிக்க வைக்கும் பகிடி ஒன்றிரண்டு இருக்கின்றன, எழுதுகிறேன். அவற்றை மட்டும் எழுதினால் இரண்டாவது தடவையும் பொய் சொன்னவனாவேன்.

கணிதத்தில் பட்டம் பெற்று, சில காலம் பாடசாலையில் படிப்பித்து, பிறகு கணினி படித்து, நடுவயதில் திருகோணமலைத் துறைமுகப் பக்கமாக இருந்த ஒரு தனியார் அலுவலகத்தில் சேர்ந்தேன். படிப்பித்தவன் என்பதால் அங்கேயும் எல்லாருக்கும் நான் 'மாஸ்டர்'தான். இறங்குதுறைகளின் ஓரம் கடல் எவ்வளவு ஆழம் என்று அளந்து வரைபடம் கொடுப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு மாரி மழையிலும் மகாவலி ஆறு கொட்டியாரக் குடாவுக்குள் மணலைக் கொண்டுவந்து தள்ளும். போன வருடம் கப்பல் நின்ற இடத்தில் இந்த வருடம் மேடு இருக்கலாம். அதனால் மாரி முடிந்ததும் திரும்ப அளக்க வேண்டும்.

அளவைப் படகில் ஓர் ஆழமானியும் ஒரு கணினியும் இருந்தன. படகு போகும் வழியெல்லாம் இடமும் ஆழமும் ஒரு கோப்பில் பதிவாகும். படகு துறைக்கு வந்ததும், அலுவலகத்தில் இருந்தபடியே வலைத்தொடர்பு வழியாக அந்தக் கோப்பை நான் இழுத்து எடுப்பேன். எஸ்.சி.பி. என்பது கட்டளையின் பெயர். முதலில் எங்கிருந்து, அடுத்து எங்கே என்று ஒரே வரியில் எழுத வேண்டும். தூரத்துக் கணினியின் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து, கோப்பு இருக்கும் இடத்தை எழுத வேண்டும். போகிற வழியில் எல்லாம் மறைகுறியாகப் போகும், நடுவில் எவரும் ஒட்டுக்கேட்க ஏலாது. ஆனால் சேரும் இடத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் ஒரு வார்த்தையும் கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் என் மேலதிகாரி மாலினி மிஸ். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது அவருக்கு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழை கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கேட்ட கேள்வியையே அதே குரலில் இன்னொரு தடவை கேட்பார். அந்த இரண்டாவது தடவைக்கு எல்லாரும் பயந்தோம்.

அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. புதுக் கோப்பை எடுக்குமுன் அலுவலகத்தில் அதே பெயரில் இருக்கும் போன பருவக் கோப்பைப் பழையவற்றுக்கான அடைவுக்கு மாற்ற வேண்டும். கட்டளையைத் தட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைக்க வேண்டும். எழுதியதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே. அதற்குப் பிறகுதான் ஒரு விரலால் என்டரை அமத்தலாம். கைகளை மடியில் வைப்பது எனக்குக் கோயிலில் இருப்பது போலக் கூச்சமாக இருந்தது. ஆள் பக்கத்தில் இருந்தால் செய்வேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.

முதல் மாதத்தில் ஒருநாள் படகுக்கு ஒரு கோப்பு அனுப்பும்போது முக்காற்புள்ளியை மறந்துபோனேன். கணினி மறுக்கவில்லை. படகுக் கணினியின் பெயரையே கோப்பின் பெயராக வைத்து, என் கணினிக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்துப் போட்டது. அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக் காத்திருந்தேன். மாலினி மிஸ் வந்து பார்த்தார்.

"மாஸ்டர், நீங்கள் உங்களுக்கே தபால் போட்டிருக்கிறீங்கள்."

இன்னொரு தடவை படகுக் கணினியைத் திருத்திப் புதிதாக நிறுவியிருந்தார்கள். நான் தொடர்பு கொண்டதும், இது நீ முன்பு பேசிய கணினி அல்ல, வேறு யாரோவாக இருக்கலாம் என்று திரை முழுக்க எச்சரிக்கை வந்தது. தெரிந்த படகுதானே, ஓம் என்று தட்டிவிடலாம் என்றேன். மிஸ் விடவில்லை. படகில் இருக்கிற ஆள் அந்தக் கணினியின் கைரேகையைத் தொலைபேசியில் வாசிக்க வேண்டும், நான் என் திரையில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கைரேகை என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரிசை.

வாசித்தவர் ரசாக். படகை ஓட்டும் சுக்கானி, பாலத்துக்கு அப்பால் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரர். அண்ணன் என்ற முறையில் நாங்கள் எல்லாரும் ரசாக் நானா என்போம்.

"எஃப்... நாலு... ரெண்டு... சீ... என்ன மாஸ்டர் இது? பொண்ணு பார்க்கப் போனாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்களே!"

"வாசியுங்கோ நானா, மிஸ் நிக்கிறா."

"மிஸ்ஸுக்கும் சொல்லுங்க, மாப்பிள்ளை நல்ல இடந்தான் எண்டு."

மாலினி மிஸ் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

ரசாக் நானா அடக்கமானவர் அல்ல. வாய் நிறையப் பெருமை பேசுவார். அளக்கப் போன இடத்தில் தூண்டில் போட்டதற்காக ஒருமுறை எச்சரிக்கப்பட்டவர். பிடித்த பாரை மீனில் பாதியை எனக்குத் தந்து, "சாட்சிக்காரனுக்குப் பங்கு" என்று சொன்னவர். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றாலும் சொல்கிறேன்.

அந்தப் பருவத்தில் குடாவின் தெற்குப் பக்க இறங்குதுறையை அளக்கும் நாளில், படகின் உதவியாள் தங்கையின் கலியாணத்துக்குப் போயிருந்தான். ரசாக் நானா தனியே போனார். ஆழமானியோடு இருந்த காகிதச் சுருள் எந்திரம் பழுதாகிக் கிடந்ததால், அளந்ததற்குக் கணினிக் கோப்பு ஒன்றுதான் அடையாளம். பின்னேரம் திரும்பி வந்து, கால் ஈரமாக இருந்ததால் உள்ளே வராமல் வாசலில் நின்று சொன்னார்.

"மாஸ்டர், அந்த மூலையில மணல் ஏறி இரிக்கி. நல்லாவே ஏறி இரிக்கி. பாருங்க, படத்தில வரும்."

"சரி நானா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொழும்பில் இருந்து வந்த ஒரு விருந்தினர் என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வேலையை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை. பழைய கோப்பை இடம் மாற்றவில்லை. கைகளை மடியில் வைக்கவில்லை. படகில் அன்றைய திகதியில் புதுக் கோப்பு இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே தட்டினேன். நூறு வீதம் என்று திரையில் வந்தது.

"பார்த்தீங்களா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள" என்றேன்.

எழுதியது தலைகீழ். அலுவலகத்தில் இருந்து படகுக்கு. அலுவலகத்தில் இருந்த போன பருவக் கோப்பு, ரசாக் நானா நாள் முழுவதும் அளந்து வந்த கோப்பின் மேல் போய் எழுதிக்கொண்டது. ஒழுங்குப்படி பழையதை முதலில் இடம் மாற்றியிருந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கணினி மறுத்திருக்கும். அந்த ஒழுங்கு என்னைப் போன்றவர்களுக்காகத்தான் வைக்கப்பட்டது.

விருந்தினர் போன பிறகு அலுவலகக் கோப்பைப் பார்த்தேன். அதில் போன பருவத்துத் திகதியே இருந்தது. சரியாக வரவில்லை போலும் என்று நினைத்து மறுபடி தட்டினேன். இம்முறை சரியாக, படகில் இருந்து அலுவலகத்துக்கு. கட்டளையோடு ஒரு கோடும் 'பி' என்ற எழுத்தும் சேர்த்தால் கோப்பின் திகதியும் அதனுடன் வரும். நான் சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் பிரதி எடுத்த நேரமே கோப்பின் நேரமாகிவிடும். ஆகவே போன பருவத்து ஆழம் இன்றைய திகதியோடு வந்து உட்கார்ந்தது. திகதியைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். எண்களைப் பார்க்கவில்லை. வரைபடம் அச்சாகி, மிஸ் கையெழுத்து வைத்து, இறங்குதுறைக்குப் போனது.

சில நாட்களில் ஒரு சரக்குத் தெப்பம் அந்த மூலையில் தரை தட்டியது. திருகோணமலையில் கடல் ஏறி இறங்குவது மிகக் குறைவு, நீர் ஏறி வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்க ஏலாது. இழுவைப் படகு வந்து இழுத்ததில் தெப்பத்தின் அடி கிழிந்தது. யாருக்கும் காயமில்லை. யார் பொறுப்பு என்ற கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

மாலினி மிஸ் இரண்டு பருவத்து வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனதைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ இடித்தது. என் கணினியில் நான் தட்டிய பழைய கட்டளைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அம்புக்குறியை அமத்தி மேலே மேலே போனேன். இருந்தது. என் கையால் எழுதிய தலைகீழ் வரி, அதன் கீழே சரியான வரி. இரண்டும் சேர்ந்து நடந்ததை அப்படியே சொல்லின.

மிஸ்ஸிடம் போயிருக்கலாம். நாலு எட்டுத் தூரம். அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன்.

ஏன் என்று பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் பசி இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கண்டிப்போடு முடிந்திருக்கவும் கூடும். மாஸ்டர் பிழை விடமாட்டார் என்று அலுவலகத்தில் ஒரு கதை இருந்தது. அதைக் கட்டியவன் நான்தான். வயதில் இளைய ஒரு பெண்ணின் முன்னால் அது உடைவதை என்னால் தாங்க ஏலவில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை மிஸ்ஸின் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர் இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வெளிச்சம் ஊடாக வந்தது. ஓர் எண் கூட விலகவில்லை.

"ரசாக், அண்டைக்கு நீங்கள் அளக்கப் போனனீங்களோ?"

"போனன் மிஸ். காலையில போய், பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லக்குள்ளதான் கரைக்கு வந்தன்."

"அப்ப ரெண்டு வருசத்துக் கடலும் ஒரு புள்ளி மாறாமல் எப்பிடி ஒண்டா இருக்கும்?"

"இரிக்காது மிஸ். அதைத்தான் நானும் சொல்றன். இது நான் அளந்ததில்ல."

"நீங்கள் பதியிற பட்டனை அமத்தாமல் விட்டால், படகில கிடந்த பழைய கோப்புத்தான் எங்களுக்கு வரும். டீசல் எரிஞ்சிருக்கு. மீனுக்குப் போனனீங்களோ?"

"அல்லாவுக்காக இல்ல மிஸ். மூலையில மேடு இரிந்த. வந்த கையோட மாஸ்டரிட்ட சொன்னன். கேளுங்க. மாஸ்டர், சொன்னன்தானே?"

"சொன்னவரோ, மாஸ்டர்?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லை, மிஸ்."

ரசாக் நானா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "பகிடி விடாதீங்க மாஸ்டர். வாசல்ல நிண்டு சொன்னன், நீங்க சரி நானா எண்டீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாஸ்டர், உங்கட பக்கத்தில ஏதும் பிழை நடந்திருக்குமோ?"

"இல்லை மிஸ். திகதியைப் பாருங்கோ. அண்டைக்குத்தான் எடுத்திருக்கு."

அந்தத் திகதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டவனும் நான்தான்.

அந்த வாரமே அவரை நிறுத்தினார்கள். துறைமுகத்தில் வேறு படகுக்காரர்களும் எடுக்கவில்லை. அளக்காமல் அளந்தேன் என்று சொன்னவனிடம் யார் சுக்கானைக் கொடுப்பார்கள்? இறங்குதுறைப் பையன்கள் அவருக்கு 'கட்டில் சுக்கானி' என்று பெயர் வைத்தார்கள். கட்டிலில் படுத்தபடி கடலை அளந்தவராம். அந்தப் பெயர் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்கும் போனது. அவர் ஓட்டோ ஓட்டத் தொடங்கினார். நான் வேலையில் இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கைகளை மடியில் வைத்து வாய்விட்டு வாசித்தேன். என் பிரியாவிடையில், பிழை விடாத மனிதர் என்று பேசினார்கள். மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் மூதூருக்கு ஒரு மரணவீட்டுக்குப் போகும் வழியில், கிண்ணியாப் பாலத்தடியில் பஸ் நின்றது. ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒருவன் கத்தினான்: "கட்டில் சுக்கானி! ஹயர் ஒண்டு வந்திரிக்கி, வா!" நரைத்த தாடியோடு ஒருவர் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. வாப்பா வைத்த பெயரைக் கேட்டவர் போலத் திரும்பினார். அதை என்னால் பார்க்க ஏலவில்லை.

வீட்டுக்கு வந்து, கொழும்பில் பெரிய பதவியில் இருக்கும் மாலினி மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வரி இருக்கோ மாஸ்டர்?"

"அழிச்சுப்போட்டன் மிஸ்."

"அந்தக் கம்பியூட்டர்?"

"கழிச்சு ஏலம் போட்டாச்சு."

"அப்ப நான் எதைக் காட்டி என்னத்தைத் திருத்திறது?" குரல் உயரவில்லை. "கையெழுத்து வைச்சது நான். உங்களை ரெண்டு தரம் கேட்டனான்." தொடர்பைத் துண்டித்தார். அதன்பின் நான் எடுத்த அழைப்புகளுக்கு அவர் பதில் தரவில்லை.

குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். ரசாக் நானாவின் மனைவி முற்றத்தில் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமல் நின்றபடி ரசாக் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். முடிந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த மேடு பதிவாகி இரிந்ததுதானா?"

"ஓம் நானா. தெப்பம் தட்டினது அதிலதானே."

"தட்டினது தெரியும். ஆனா நான் பட்டனை அமத்தினனா இல்லையா எண்டு எனக்கே சந்தேகம் வந்துட்டு மாஸ்டர். அமத்தினன் எண்டுதான் நினைச்சன். மிஸ் படிச்சவ, நீங்க படிச்சவர், ரெண்டு பேரும் இல்லை எண்டா, நான்தான் மறந்திட்டன்போல எண்டு நினைச்சன். இந்த விரலைப் பார்த்துப் பார்த்து எத்தின வருசம் இரிந்தன் தெரியுமா?"

அவர் மனைவி கதவடியில் இருந்து சொன்னார்: "கதிரையை எடுத்து உள்ளுக்கு வைக்கட்டா? மாஸ்டர் இரிக்க மாட்டார்போல."

மன்னிப்புக் கேட்டேன். ரசாக் நானா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கிட்ட இதைச் சொல்லி என்ன செய்ற? பட்டம் வைச்சது நானில்ல, அங்க இரிக்கிற ஆக்கள்தான். பாலத்தடித் தேத்தண்ணிக் கடைக்கு வாங்க. அங்க வைச்சுச் சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் கூடும் நேரத்தில் போனேன். ரசாக் நானா ஒரு மூலையில் இருந்தார். பிளேன்டீ வந்தது, நான் குடிக்கவில்லை. எழுந்து நின்று, வகுப்பில் நிற்பது போல, நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் அளந்தார், நான் அதை அழித்தேன், பிறகு பொய் சொன்னேன் என்றேன். ஓட்டோக்காரர்களும் மீன்காரர்களும் கடை முதலாளியும் கவனமாகக் கேட்டார்கள்.

"பழசு புதுசுக்கு மேல போய் ஏறினா, புதுசு எங்க போற?" என்று ஒருவர் கேட்டார்.

"அழிஞ்சுபோகும்."

"அழிஞ்சதுக்கு அடையாளம் இரிக்கா?"

"இல்லை. அதையும் நான்தான் அழிச்சன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை முதலாளி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"மாஸ்டர், நீங்க நல்ல மனிசன். ரசாக் படுற பாட்டைக் கண்டு மனசு இளகிட்டீங்க. அவன்ட பழியைத் தூக்கி உங்கட தலையில போட்டுக்கொள்றீங்க. இந்தக் காலத்தில ஆரு இப்பிடிச் செய்வான்?"

"இல்லை, நான் சொல்லுறது உண்மை."

"ஓம் ஓம், உண்மைதான்" என்று சிரித்தார் இன்னொருவர். அவர் ரசாக் நானாவின் பக்கம் திரும்பினார். "டேய் கட்டில் சுக்கானி, உனக்காகப் பொய் சொல்ல மாஸ்டரே வந்திரிக்கார். குடுத்து வைச்சவன்டா நீ!"

கடை முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. அவர்கள் என்னை மதித்தார்கள். எனக்குப் புதிதாக இன்னொரு தேத்தண்ணி வந்தது.

ரசாக் நானா தன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். பின்னால் போனேன். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறேன், அவர்கள் நம்பும்வரை வருகிறேன் என்றேன்.

"வேணாம் மாஸ்டர்" என்றார். "நீங்க ஒருக்கா வந்ததுக்கே பழைய கதை புதுசாகிட்டு. அஞ்சாறு வருசமா மறந்திருந்தவனும் இண்டைக்கு அந்தப் பேரைச் சொல்றான். நான் பட்டனை அமத்தினன் எண்டு இப்ப எனக்குத் தெரியும். அது எனக்குக் காணும். நீங்க இனி இந்தப் பக்கம் வராதீங்க."

ஓட்டோவை இயக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கிண்ணியாவில் இருந்து யாராவது பட்டணத்துக்கு வந்து என்னைக் கண்டால், நின்று கைகொடுத்து நலம் விசாரிக்கிறார்கள். நல்ல மனிதன் என்று அங்கே என் பெயர் பரவியிருக்கிறது. மறுத்துப் பார்த்தேன், மறுக்க மறுக்க அது வளர்கிறது. ரசாக் நானாவை இன்னும் அந்தப் பட்டத்தால்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் பாலம் தாண்டிப் போவதில்லை. அவர் என்னிடம் கேட்டவற்றில் என்னால் செய்துகொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.